பாட்டுப் பெயரில் ஒளிந்திருந்த கூடுகள்

வேல்ஸின் நடுப்பகுதியில் ட்ரெகாரன் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கிறோம். கணவருக்கு இங்கே மருத்துவர் வேலை கிடைத்து 2007இல் பாளையங்கோட்டையிலிருந்து வந்தோம். சுற்றிலும் ஆடு மேயும் குன்றுகள், சரிவுகளில் ஓக் காடுகள், ஊரை ஒட்டி கோர்ஸ் காரன் என்கிற பெரிய சதுப்பு நிலம். அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தனியாக இருந்தார். வந்த முதல் வாரமே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மேலே கையைக் காட்டினார். தலைக்கு மேல் ஒரு பருந்து. துரு நிறம், பிளவுபட்ட வால், காற்றில் அந்த வாலை மட்டும் சுக்கான் மாதிரி திருப்பிக்கொண்டிருந்தது.

"பார்கிட்" என்றார். ஆங்கிலத்தில் ரெட் கைட். அதைச் செம்பருந்து என்று தமிழில் எழுதினால் நம் ஊர்க் குளக்கரையில் வட்டமிடும் கருடனாகிவிடும், அது வேறு பறவை. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அவர் சொன்ன வேல்ஸ் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

ஒன்பது வருடம் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தோம். பறவை பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். 2016 நவம்பரில் இறந்துபோனார். பிள்ளைகள் கிடையாது. அக்கா மகள் வந்து வீட்டைக் காலி செய்தபோது என்னைக் கூப்பிட்டார். "மாமாவின் காகிதங்களை என்ன செய்வதென்றே தெரியவில்லை. உங்களிடம்தான் பறவைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா?"

பதினான்கு பெட்டிகள். செருப்புப் பெட்டி, பிஸ்கட் டின், வாழைப்பழ அட்டைப்பெட்டி எல்லாம் கலந்து. உள்ளே 1949இலிருந்து 2009 வரைக்குமான களக் குறிப்பேடுகள், நூற்றுக்கணக்கான கடிதங்கள், அவர் எழுதிய பதில்களின் கார்பன் பிரதிகள். நான் மருந்தகத்தில் வேலை செய்கிறவள், ஆவணக் காப்பகப் பயிற்சி எதுவும் இல்லை. ஒரு குளிர்காலத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். மூன்று குளிர்காலம் ஆனது. யாராவது ஒருவர் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும், அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் தவறைப் பெட்டி வந்த மறுநாளே செய்தேன். குறிப்பேடுகளின் பக்கங்களுக்கு நடுவே கடிதங்கள் செருகப்பட்டிருந்தன. பார்த்ததும் அலங்கோலமாகத் தோன்றியது. எல்லாவற்றையும் உருவி எடுத்து, எழுதியவர் பெயர்ப்படி பிரித்து, தேதி வரிசையில் அடுக்கினேன். மேசை அழகாக ஆனது. ஆனால் எந்தக் கடிதம் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பது போய்விட்டது. அதுதான் இந்தப் பெட்டிகளிலேயே விலைமதிப்புள்ள தகவல் என்று எனக்கு நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நல்லவேளையாக முதல் நாள் அக்கா மகளுக்கு அனுப்புவதற்காகச் சில பெட்டிகளைத் திறந்தபடியே போனில் படம் எடுத்திருந்தேன். அந்தப் படங்களை வைத்துப் பாதிக்கு மேல் மறுபடி அதனதன் இடத்தில் வைக்க முடிந்தது. மீதி போனது போனதுதான். பழைய காகிதம் எது கைக்கு வந்தாலும், தொடுவதற்கு முன் பெட்டி பெட்டியாக, அடுக்கு அடுக்காகப் படம் எடுத்துவிடுங்கள். அலங்கோலமாகத் தெரிவது பெரும்பாலும் அவரவர் வைத்த ஒழுங்கு.

இரண்டாவது தவறு உறைகள். தெருவில் ஒரு பையன் தபால் தலை சேர்க்கிறான் என்று பழைய உறைகளில் இருந்து தலைகளை வெட்டிக் கொடுத்தேன். அப்புறம் பார்த்தால் பாதிக் கடிதங்களில் தேதியே இல்லை. 'செவ்வாய் மாலை' என்று மட்டும் இருக்கும். எந்த வருடத்துச் செவ்வாய்? தபால் முத்திரை இருந்திருந்தால் தெரிந்திருக்கும். கிட்டத்தட்ட நாற்பது கடிதங்களுக்கு என்னால் வருடம் சொல்ல முடியவில்லை. அந்தப் பையனிடம் போய்க் கேட்டேன். தண்ணீரில் ஊறவைத்துத் தலைகளை மட்டும் எடுத்து வைத்திருந்தான். அவனைச் சொல்லி என்ன பயன், கொடுத்தது நான்தானே.

சரி, குறிப்பேடுகளுக்கு வருகிறேன். சின்னச் சின்ன எழுத்து, பெரும்பாலும் பென்சில். தேதிகளில் மாதத்தை ரோமன் எண்ணில் போடுவார். ஜூன் 12 என்றால் நடுவில் ஒரு வி, ஒரு ஐ. இது பழைய இயற்கையாளர்களின் பழக்கம். 6/5 என்று எழுதினால் மே மாதமா ஜூன் மாதமா என்று ஐம்பது வருடம் கழித்துப் படிப்பவர் குழம்புவார், ரோமன் எண்ணில் அந்தக் குழப்பம் கிடையாது. நானும் இப்போது அப்படித்தான் எழுதுகிறேன். பென்சிலும் அப்படியே. அவருடைய பேனா மை மழையில் கரைந்த பக்கங்கள் உண்டு, பென்சில் எழுத்து ஒன்றுகூடப் போகவில்லை.

பார்கிட் பற்றிய வரிகளை மட்டும் தனியாக எடுத்து எக்செல்லில் ஏற்றத் தொடங்கினேன். 'அபெரிஸ்ட்வித், 1 குஞ்சு.' சரி, கடற்கரை நகரம், இங்கிருந்து கொஞ்ச தூரம்தான். வரைபடத்தில் புள்ளி வைத்தேன். 'ப்ளைன்வெர்ன், கூட்டில் பறவை.' அந்தப் பெயரில் பண்ணைகள் உண்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் புள்ளி வைத்தேன். 'கூம் ரோண்டா, தோல்வி.' அங்கேதான் நின்றேன். அது தெற்கே நிலக்கரிச் சுரங்கப் பள்ளத்தாக்கு. 1950களில் வேல்ஸில் மிஞ்சியிருந்த சில ஜோடி பார்கிட்டுகள் டவி, கோத்தி ஆறுகளின் மேல் பள்ளத்தாக்குகளிலும் அவற்றை அடுத்த குன்றுகளிலும் ஒதுங்கியிருந்தன. சுரங்கப் புகைக்குள் அது எதற்குப் போய்க் கூடு கட்டுகிறது? அடுத்த பக்கத்தில் 'ஹவ்ரடோல், 2 முட்டை.' அந்தப் பெயரில் எந்த வரைபடத்திலும் எதுவும் இல்லை.

எதிர்வீட்டு அம்மாள் தேவாலயப் பாடகர் குழுவில் ஐம்பது வருடமாகப் பாடுகிறவர். தேநீர் குடிக்க வந்தவரிடம் அந்தப் பட்டியலைக் காட்டி, இந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் மெல்ல முனகிப் பாடத் தொடங்கினார். ஒரு மெட்டு முடிந்ததும் அடுத்தது.

"இது ஊரில்லை, கரியாத். எல்லாம் பாட்டு" என்றார். கரியாத் என்றால் நம் கண்ணு, செல்லம் மாதிரி.

வேல்ஸில் துதிப்பாடல் மெட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. ஹவ்ரடோல் 19ஆம் நூற்றாண்டு மெட்டு. அபெரிஸ்ட்வித் என்பது ஜோசப் பாரி அமைத்த மெட்டு, அவர் அந்த ஊர்க் கல்லூரியில் இசைப் பேராசிரியராக இருந்தவர். ப்ளைன்வெர்ன், கூம் ரோண்டா எல்லாமே அப்படித்தான். நம் ஆசிரியர் தான் பார்த்துவந்த ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு மெட்டின் பெயரை வைத்திருக்கிறார். குறிப்பேடு யார் கையில் கிடைத்தாலும் கூடு எங்கே என்று தெரியக் கூடாது. நான் நாலு மாதமாக வைத்த புள்ளிகள் அத்தனையும் தப்பு.

ஏன் இவ்வளவு ஒளிவுமறைவு என்பதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும். ஒரு காலத்தில் பார்கிட் லண்டன் தெருக்களில் குப்பை பொறுக்கிய பறவை. கோழிக்குஞ்சைத் தூக்குகிறது, வேட்டைப் பறவைகளுக்குக் கேடு என்று சொல்லிச் சுட்டார்கள், நஞ்சு வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஒன்றுகூட இனப்பெருக்கம் செய்யவில்லை. நடு வேல்ஸில் சில ஜோடிகள் மட்டும் தப்பின. அரிதாக ஆக ஆக அதன் முட்டைக்கு விலை கூடியது. முட்டை சேகரிப்பு அன்று கௌரவமான பொழுதுபோக்கு. கண்ணாடி மூடிய இழுப்பறைகளில் பஞ்சின் மேல் வரிசையாக அடுக்கி வைப்பார்கள். கடைசிப் பறவையின் கடைசி முட்டைதான் அவர்களுக்குப் பெரிய பெருமை. 1903இல் பறவையியலாளர்கள் சிலர் சேர்ந்து பார்கிட் காப்புக் குழு ஒன்றை அமைத்தார்கள். கூட்டுக்குக் காவல் போட்டார்கள், குஞ்சு பறந்தால் அந்த நிலத்து விவசாயிக்கு வெகுமதி கொடுத்தார்கள். அபெரிஸ்ட்வித்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த ஜே. எச். சால்ட்டர், பிறகு கார்டிஃபைச் சேர்ந்த மோரி சால்மன் போன்றவர்கள் பல பத்தாண்டுகள் இதில் உழைத்தார்கள். எல்லாமே வாய்ப்பேச்சிலும் நம்பகமான கடிதங்களிலும் நடந்த வேலை. 1954ஆம் ஆண்டுப் பறவைப் பாதுகாப்புச் சட்டம் முட்டை எடுப்பதைப் பெரும்பாலும் தடை செய்தது. முட்டையை வைத்திருப்பதே குற்றம் என்றானது 1981ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். சிறைத் தண்டனை வரை போனது 2000ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. அதற்கெல்லாம் பிறகும் கூடுகள் கொள்ளை போயின.

அதனால் ஆசிரியர் ஒளித்தது நியாயம். ஆனால் ஒளித்தவர் போய்விட்டால் பதிவும் கூடவே போய்விடுகிறது. அறுபது வருடக் குறிப்பு, எந்தக் காடு என்று தெரியாமல் வெறும் பாட்டுப் பட்டியலாக நிற்கிறது.

திறவுகோல் கடிதங்களில்தான் இருந்தது. அவருடன் காவல் இருந்தவர்கள் எழுதிய கடிதங்கள் குறிப்பேட்டின் அந்தந்தப் பக்கத்தில் செருகியிருந்ததற்குக் காரணம் அதுதான். ஒருவர் எழுதுகிறார், ஞாயிறு முழுக்க ஹவ்ரடோலுக்கு எதிர்ச் சரிவில் மழையில் உட்கார்ந்திருந்தேன், கீழே பண்ணை வீட்டில் எனக்குச் சூப் கொடுத்தார்கள் என்று. பண்ணையின் பெயரும் இருக்கிறது. கூட்டின் பெயர் குறிப்பேட்டில், பண்ணையின் பெயர் கடிதத்தில். இரண்டையும் ஒன்றாக வைத்தால்தான் இடம் கிடைக்கும். அதைத்தான் நான் முதல் நாளே பிரித்து அடுக்கினேன்.

அந்தப் பண்ணை வீட்டிலிருந்தே ஒரு கடிதம் இருந்தது. பள்ளி நோட்டிலிருந்து கிழித்த தாள், ஊதாப் பென்சில், முழுக்க வேல்ஸ் மொழி. அந்தப் பென்சிலுக்கு ஈரம் ஆகவே ஆகாது, விரல் ஈரமாக இருந்தால்கூட எழுத்து மையாகப் பரவிவிடும். எதிர்வீட்டு அம்மாளிடம் தொடாமல் படிக்கச் சொன்னேன். 1956ஆம் வருடம், ஒரு விவசாயியின் மனைவி எழுதியது. 'உங்கள் பறவை என் வீட்டுக்காரரின் காலுறையைக் கொடியிலிருந்து கொண்டுபோய்விட்டது. பரவாயில்லை, இன்னொன்று பின்னிக்கொள்கிறேன். சனிக்கிழமை காரில் இரண்டு பேர் வந்து காட்டுக்கு வழி கேட்டார்கள். மரியாதையாகப் பேசினார்கள். நான் அடுத்த பள்ளத்தாக்குக்கு வழி சொல்லி அனுப்பினேன். இருட்டும் வரை அங்கே அவர்கள் கார் நின்றது. பணம் அனுப்ப வேண்டாம்.'

படித்து முடித்ததும் அந்த அம்மாள் தாளை என் பக்கம் தள்ளிவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பார்கிட் தன் கூட்டில் ஆட்டு ரோமம், துணி, காகிதம் எல்லாம் கொண்டுவந்து போடும் பழக்கமுள்ளது. அந்தக் காலுறை கூட்டில் கிடந்ததை ஆசிரியர் ஒரு மாதம் கழித்துக் குறித்திருக்கிறார். 'ஹவ்ரடோல், 1 குஞ்சு, சாம்பல் நிறக் காலுறை.' இந்த வரியைக் கடிதத்தைப் படிப்பதற்கு முன்னால் பத்து தடவையாவது படித்திருப்பேன். காலுறையை ஏன் எழுதினார் என்று அப்போது விளங்கவில்லை.

இந்தப் பறவையைக் காப்பாற்றியவர்கள் யார் என்று யாராவது கேட்டால் குழுக்களின் பெயரோடு அந்தப் பெண்மணியையும் சொல்வேன். எந்த அறிக்கையிலும் அவர் இல்லை. ஆகவே கடிதப் பெட்டி எதையாவது நீங்கள் பிரிக்க நேர்ந்தால், பெரிய மனிதர்களின் கையெழுத்து இருக்கிறதா என்று தேடாதீர்கள். கிழிந்த நோட்டுத் தாளைத் தேடுங்கள்.

வேல்ஸ் மொழிப் பெயர்களால் வந்த சிக்கல் தனி. ஒரே பெயரில் ஏழெட்டுப் பண்ணைகள் இருக்கும். பறவைப் பெயர்களும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். தெற்கில் பஸர்ட் என்கிற பெரிய வேட்டைப் பறவையை 'போடா' என்பார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பார்கிட்டுக்கும் 'போடா வென்னோல்' என்று ஒரு பழைய பெயர், அதாவது தகைவிலான் வால் உள்ள போடா. விவசாயி ஒருவர் கடிதத்தில் வெறும் போடா என்று எழுதியிருந்தால் அது எது? நான் இரண்டு இடத்தில் பார்கிட் என்று பதிந்துவிட்டேன். பிறகு அழித்தேன். இப்போது என் பட்டியலில் இரண்டு பத்தி வைத்திருக்கிறேன். ஒன்றில் அவர் எழுதியது எழுதியபடி, எழுத்துப் பிழையோடு. இன்னொன்றில் நான் புரிந்துகொண்டது. என் ஊகத்தை அவர் சொன்னதாக ஆக்கிவிடக் கூடாது.

இடத்துக்கும் அதே கவனம் வேண்டும். இந்த மாவட்டம் கார்டிகன்ஷையர் என்று இருந்து, 1974இல் டிவெட் என்ற பெரிய மாவட்டத்துக்குள் போய், 1996இல் கெரெடிகியோன் என்று தனியாக வந்தது. நிர்வாக எல்லை இப்படி மாறிக்கொண்டே இருந்தால் பழைய பதிவையும் புதிய பதிவையும் எப்படி ஒப்பிடுவது? அதற்காகவே 1852இல் ஹியூவெட் வாட்சன் என்ற தாவரவியலாளர் பிரிட்டனை மாறாத துணை மாவட்டங்களாகப் பிரித்து எண் கொடுத்தார். கார்டிகன்ஷையர் 46. இன்றும் இயற்கைப் பதிவாளர்கள் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். அதோடு தேசிய வரைபடக் கட்ட எண். இரண்டு எழுத்தும் ஆறு இலக்கமும் எழுதினால் நூறு மீட்டர் சதுரத்துக்குள் இடம் வந்துவிடும். என்ன, எங்கே, எப்போது, யார் பார்த்தது. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அது பதிவாகாது, நினைவாக மட்டும் நிற்கும். ஆசிரியர் இதை எனக்குப் பலமுறை சொன்னார். அவருடைய காகிதங்களில் கை வைத்த பிறகுதான் உறைத்தது.

ஒன்றும் இல்லாததையும் எழுதுவார். 1955ஆம் வருடக் குறிப்பேட்டில் பக்கத்துக்குப் பக்கம் 'இல்லை', 'இல்லை', 'இல்லை'. முதலில் அதை ஏற்றாமல் தாண்டிப் போனேன், பறவையே இல்லாத வரியில் என்ன இருக்கிறது என்று. அதற்கு முந்தைய வருடங்களில் மிக்ஸோமடோசிஸ் நோய் பிரிட்டன் முழுக்கப் பரவி முயல்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. முயலை நம்பியிருந்த பஸர்ட்டுகள் பல இடங்களில் அந்த வருடம் முட்டையே இடவில்லை. இரை போனது எவ்வளவு பெரிய அடி என்பதற்கு அந்த 'இல்லை'களே சாட்சி. திரும்பப் போய் எல்லாவற்றையும் ஏற்றினேன்.

ஏழாவது பெட்டியில் ஒரு தீப்பெட்டி இருந்தது. பஞ்சுக்குள் செங்கல் நிறத்தில் ஐந்தாறு ஓட்டுத் துண்டுகள். கூடவே ஒரு சீட்டு, '1963, பெரெக்ரின், நசுங்கிய முட்டை, விளிம்பிலிருந்து எடுத்தது.' பெரெக்ரின் என்பது வேகத்துக்குப் பேர்போன வல்லூறு, வேல்ஸில் கடல் பாறைகளிலும் கைவிடப்பட்ட கல்குவாரிகளிலும் முட்டையிடும். அந்தத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பயமும் வந்தது, நெஞ்சும் அடைத்தது.

நெஞ்சு அடைத்ததற்குக் காரணம் சொல்கிறேன். 1950களின் பிற்பகுதியிலிருந்து பெரெக்ரின்கள் திடீரென்று குறைந்தன. தாய்ப் பறவை அடைகாக்க உட்கார்ந்தாலே முட்டை நசுங்கியது. டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் பழைய முட்டைச் சேகரிப்புகளில் இருந்த ஓடுகளை அளந்து, எடை பார்த்து, 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்திருப்பதைக் காட்டி 1967இல் வெளியிட்டார். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி புழக்கத்துக்கு வந்த அதே காலம். பறவைகளை ஒழிக்கும் அளவுக்குப் போன சேகரிப்பாளர்கள் முட்டையோடு தேதியும் இடமும் எழுதி வைத்திருந்தார்கள், அதனால்தான் அந்த ஒப்பீடே முடிந்தது. டில்ட்ரின் என்ற இன்னொரு பூச்சிக்கொல்லி கலந்த ஆட்டுக் குளியல் மருந்து 1966இல் தடை செய்யப்பட்டது. இந்தக் குன்றுகளில் ஒவ்வொரு ஆட்டையும் முக்கி எடுத்த மருந்து அது. ஆசிரியரின் கார்பன் பிரதிகளில் மாங்க்ஸ் வுட் ஆய்வு நிலையத்துக்கு எழுதியவை இருக்கின்றன. இறந்த வேட்டைப் பறவைகளையும் பொரியாத முட்டைகளையும் அங்கேதான் சோதித்தார்கள். ஒரு கடிதத்தில் முட்டையைப் புகையிலை டின்னில் ஆட்டு ரோமம் சுற்றி அனுப்பியிருப்பதாகவும், டின்னைத் திருப்பி அனுப்பினால் நல்லது என்றும் எழுதுகிறார்.

பயம் சட்டத்தைப் பற்றியது. காட்டுப் பறவை முட்டையை, அதன் துண்டையும் சேர்த்து, வைத்திருப்பது எனக்கும் குற்றமாகலாம். நான் செய்தது இதுதான். அப்படியே வைத்துப் படம் எடுத்தேன், எந்தப் பெட்டியில் எப்போது கண்டேன் என்று எழுதினேன், காவல்துறையில் வனவிலங்குக் குற்றங்களைக் கவனிக்கும் அதிகாரியைக் கூப்பிட்டு விவரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு, அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வழி சொன்னார். பழைய வீடுகளைக் காலி செய்யும்போது முட்டைகளோ பாடம் செய்த பறவைகளோ கிடைத்தால் குப்பையில் போடாதீர்கள், இணையத்தில் விற்கவும் போகாதீர்கள், முதலில் கேளுங்கள். அந்தச் சீட்டு இல்லாமல் போயிருந்தால் அது வெறும் ஓடு.

காகிதங்களைப் பேணுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் பெரிய வித்தை இல்லை. துருப்பிடித்த ஊசிகளையும் ஸ்டேப்ளர் பின்களையும் மெதுவாக எடுத்துவிட வேண்டும். இற்றுப்போன ரப்பர் பேண்டும் அப்படித்தான். செலோடேப் ஒட்டக் கூடாது, லாமினேட் செய்யவே கூடாது. அமிலமில்லாத உறைகள் கடையில் கிடைக்கும். எண் போடுவதானால் பென்சிலால், ஓரத்தில். ஃபேக்ஸ் தாள்களை உடனே படம் எடுத்துவிடுங்கள். 1980களில் வந்த சில ஃபேக்ஸுகள் என் கைக்கு வந்தபோதே வெறும் மஞ்சள் தாளாகிவிட்டிருந்தன.

கடிதம் என்றதும் அவர் அடிக்கடி சொல்லும் கதை ஞாபகம் வருகிறது. பெம்ப்ரோக்ஷையர் கடற்கரைக்கு அப்பால் ஸ்கோகோம் என்று ஒரு தீவு. ரொனால்ட் லாக்லி 1927இல் அங்கே குடியேறி, 1933இல் பிரிட்டனின் முதல் பறவை ஆய்வகத்தைத் தொடங்கினார். அங்கே வளைகளில் முட்டையிடும் மேங்க்ஸ் ஷியர்வாட்டர் என்ற கடல் பறவை எவ்வளவு தூரத்திலிருந்து வழி கண்டுபிடிக்கும் என்று பார்க்க விரும்பினார்கள். 1952இல் பாஸ்டன் இசைக்குழுவில் கிளாரினெட் வாசித்த ரொசாரியோ மாட்ஸியோ என்பவர் ஒரு பறவையை விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் பாஸ்டனில் பறக்கவிட்டார். விட்டுவிட்டேன் என்று தீவுக்குக் கடிதமும் போட்டார். பறவை பன்னிரண்டரை நாளில் அட்லாண்டிக்கைக் கடந்து தன் வளைக்கே வந்துவிட்டது. கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் ஆசிரியர் கடைசியில், "காலில் வளையம் மாட்டி எண்ணை எழுதி வைத்ததால்தான் அது அதே பறவை என்று தெரிந்தது" என்பார். அவருக்குக் கதையில் பிடித்தது அந்த எண்தான்.

மூன்றாவது குளிர்காலத்தின் முடிவில், இவற்றை யாரிடம் சேர்ப்பது என்ற கேள்வி. அபெரிஸ்ட்வித்தில் தேசிய நூலகம் இருக்கிறது. சால்ட்டரின் நாட்குறிப்புகளும் அங்கேதான். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய் நிற்காமல், முதலில் இரண்டு பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கேட்பது நல்லது. களப் பதிவுகள் உள்ளூர் உயிரினப் பதிவு மையத்துக்குப் போகலாம். வேல்ஸ் முழுவதையும் இப்படி நான்கு மையங்கள் பார்த்துக்கொள்கின்றன. வடக்கே உள்ளதன் பெயரே கோவ்நோட், வேல்ஸ் மொழியில் 'பதிவு' என்று பொருள்.

இரண்டு விஷயத்தில் தயங்கினேன். ஒன்று, கடிதத்தின் தாள் பெற்றவருக்குச் சொந்தம், ஆனால் அதில் எழுதியிருப்பதன் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் சொந்தம். பிரிட்டனில் பழைய வெளியிடப்படாத எழுத்துகள் பலவற்றுக்கு 2039 முடிய உரிமை இருக்கிறது. அதனால் கடிதங்களைப் படம் எடுத்து இணையத்தில் போடவில்லை. மேலே நான் சொன்ன அந்தப் பெண்மணியின் கடிதத்துக்கு அவருடைய பேரனிடம் கேட்டுத்தான் இங்கே அதன் சாரத்தைச் சொல்கிறேன்.

இன்னொன்று, கூடு இருக்கும் இடங்கள். பார்கிட்டைப் பொறுத்தவரை இன்று பெரிய ஆபத்தில்லை. வேல்ஸில் மட்டும் இரண்டாயிரம் ஜோடிக்கு மேல் இருக்கின்றன. நந்த் எர் அரியன் ஏரிக்கரையில் தினமும் இறைச்சி போடும் நேரத்துக்கு நூற்றுக்கணக்கில் இறங்கும். ஆனால் பெரெக்ரின் தலைமுறை தலைமுறையாக ஒரே பாறை விளிம்பில் முட்டையிடும், சிவப்பு அலகு உள்ள சஃப் காகமும் அப்படித்தான். 1963இல் எழுதிய இடம் இன்றைக்கும் செல்லும் முகவரி. அவற்றை மையத்துக்கு முழு விவரத்தோடு கொடுத்து, பொதுவில் காட்டக் கூடாதவை என்று குறித்தேன். வெளியே கேட்பவர்களுக்குப் பெரிய சதுரம் மட்டும் தெரியும். முட்டைத் திருடர் என்று சந்தேகித்துக் கார் எண்ணோடு ஒருவரைப் பற்றி எழுதிய ஏழு கடிதங்கள் இருந்தன. அவர் உயிரோடு இருக்கலாம், குற்றம் நிரூபிக்கப்படவும் இல்லை. அவற்றைத் தனி உறையிலிட்டு, மூடி வைக்கக் கோரி ஒப்படைத்தேன். எரித்துவிடலாமே என்று அக்கா மகள் கேட்டார். எனக்கு மனம் வரவில்லை.

பாட்டுப் பெயர்களுக்கும் இடங்களுக்குமான பட்டியலை இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று குறிப்பேடுகளுடன், இன்னொன்று பதிவு மையத்தில். பதினெட்டுக் கூடுகளில் பதினொன்றுக்கு இடம் தெரிந்தது. மற்ற ஏழும் நான் கலைத்த கடிதங்களோடு போனவை.

போன ஏப்ரலில் ஹவ்ரடோலுக்குப் போனேன். அந்தப் பண்ணையில் இப்போது அந்தப் பெண்மணியின் பேரன் இருக்கிறார். அவர்தான் காட்டினார். சரிவில் கோணலான ஓக் மரங்கள், பாசி, ஓடைச் சத்தம். குறிப்பேட்டில் சொன்ன கவட்டை தெரிந்தது, கூடு இல்லை. அரை மணி நேரம் ஓடைக்கு இந்தப் பக்கமே நின்று பார்த்தேன். பிறகு பென்சிலை எடுத்துத் தேதி, கட்ட எண், என் பெயர் எழுதி, 'இல்லை' என்று போட்டேன். பேரனுக்கு ஏமாற்றம். இருநூறு அடி தள்ளி வேறொரு மரத்தில் இரண்டு கூடு இருக்கிறது, அதை எழுதுங்கள் என்றார். அதையும் எழுதினேன்.

எனக்கென்று ஒரு பெரெக்ரின் விளிம்பு இருக்கிறது. பழைய கல்குவாரி, பொதுப் பாதையிலிருந்து டெலஸ்கோப்பில் தெரியும். கூட்டுக்கு அருகில் போய்த் தொந்தரவு செய்ய உரிமம் வேண்டும், எனக்கு அருகில் போகிற ஆசையும் இல்லை. அதற்கு மோகனம் என்று பெயர் வைத்திருக்கிறேன். இடம் எங்கே என்று ஒரு தாளில் எழுதி, கார்டிஃபில் படிக்கும் மகளுக்கு அனுப்பினேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனாலும் தபாலில்தான் போட்டேன். உறையைத் தூக்கிப் போடாதே, முத்திரையோடு வை என்று உள்ளே எழுதியிருந்தேன்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள்.

"அம்மா, மோகனத்துல எத்தனை?"

"மூணு. மூணும் விளிம்புக்கு வந்து நிக்குது."

"எழுதிட்டியா?"

எழுதிவிட்டேன் என்றேன்.